‘கம்பெனி பார்ட்ஸா, லோக்கலா?’ - ஒரு கால் டாக்ஸி வீட்டின் கணக்கு நோட்டு

சத்தம் முதலில் சின்னதாகத்தான் இருந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது இடதுபக்க முன் சக்கரத்துக்கு அடியில் ஒரு ‘டொக்’. இரண்டாவது வாரத்தில், பள்ளம் விழுந்த ரோட்டிலெல்லாம் ‘டொக் டொக்’. மூன்றாவது வாரத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலே முனகல். குன்றத்தூரைச் சேர்ந்த அந்த கால் டாக்ஸி டிரைவர், எஃப்.எம். பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்துச் சமாளித்துப் பார்த்தார். விமான நிலையத்தில் இறங்கிய பெரியவர் ஒருவர், ‘‘தம்பி, வண்டி அடியில ஏதோ கழண்டுக்கப் போகுது, பார்த்துக்கப்பா’’ என்று சொல்லிவிட்டுப் போன பிறகு, பாட்டு வேலைக்கு ஆகவில்லை.

மஞ்சள் போர்டு செடான் கார். வாங்கி ஆறு வருடம், ஓடியது 2 லட்சத்து 10 ஆயிரம் கிலோமீட்டர். கடனுக்கான கடைசித் தவணை போன வருடம்தான் முடிந்தது. ‘இனிமே இந்த வண்டி நமக்கு சம்பாதிக்கும்’ என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த நேரம். அடுத்த மாதம் எஃப்.சி. காட்ட வேண்டும். வாடகை வண்டிகளுக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு வருடா வருடமும் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும். சஸ்பென்ஷன் ஆட்டம் கண்டால் அங்கே பதில் சொல்ல முடியாது. மகளின் பிளஸ் டூ ஃபீஸும் அதே மாதம்தான்.

முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் காட்டினார். கம்ப்யூட்டரில் அச்சடித்துக் கொடுத்த எஸ்டிமேட்டில் 18,600 ரூபாய் என்று இருந்தது. அங்கிருந்து நேராக, வழக்கமாகப் பார்க்கும் போரூர் மெக்கானிக்கிடம் வந்தார். மெக்கானிக் வண்டியை ஜாக்கியில் தூக்கினார். சக்கரத்தின் உச்சியையும் அடியையும் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். சக்கரம் லேசாக அசைந்தது. பெரிய ஸ்குரூ டிரைவரை விட்டு லோயர் ஆர்ம் புஷ்ஷை நெம்பிக் காட்டினார். ரப்பர், காய்ந்த தோசை விளிம்புபோல வெடித்திருந்தது. இரண்டு பக்க ஷாக் அப்சார்பரிலும் எண்ணெய் வழிந்து, அதன் மேல் தூசி படிந்து கறுப்புச் சேறாக ஒட்டியிருந்தது.

‘‘தம்பி, ரெண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர், மவுண்ட், லோயர் ஆர்ம், லிங்க் ராட் மாத்தணும். எல்லாம் கம்பெனி ஐட்டமா போட்டா லேபர், அலைன்மென்ட் சேர்த்து 14,000. லோக்கல்ல போட்டா 8,500-ல முடிச்சிடலாம். எதைப் போடட்டும்?’’

இந்தக் கேள்வியைக் கார் வைத்திருக்கும் எல்லோரும் ஒருநாள் சந்தித்தே ஆக வேண்டும். பெரும்பாலானவர்கள் அங்கேயே, நின்ற இடத்திலேயே, பர்ஸில் இருப்பதைப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவார்கள். இவரும் ‘லோக்கலே போட்டுடுங்கண்ணே’ என்று சொல்லத்தான் வாயெடுத்தார். பழக்க தோஷத்தில் வீட்டுக்கு ஒரு போன் போட்டார்.

‘‘ஏங்க, போன தடவையும் லோக்கல்தானே போட்டோம்? ராத்திரி வாங்க, நோட்டைப் பார்த்துட்டு சொல்லலாம்’’ என்றார் மனைவி.

அந்த நோட்டு, மகள் எட்டாம் வகுப்பில் பாதி எழுதிவிட்டு விட்ட நீளமான கணக்கு நோட்டு. மீதிப் பாதியில் காரின் வரவு செலவு. டீசல், டோல், டயர், ஆயில் என்று ஒன்று விடாமல், எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டரில் என்பதோடு எழுதி வைத்திருக்கிறார் மனைவி. தையல் கடையில் வேலை பார்ப்பவர், அளவு எழுதிப் பழகிய கை.

அன்று இரவு சாப்பாடு முடிந்ததும் நோட்டைப் புரட்டினார்கள். 14 மாதம் முன்பு, இதே இடதுபக்க லோயர் ஆர்ம். பெயர் தெரியாத பெட்டியில் வந்தது, விலை 750. லேபர் 600, வீல் அலைன்மென்ட் 400. ஆக 1,750. ஏழு மாதம் கழித்து அதே வரி திரும்ப வருகிறது: இடது லோயர் ஆர்ம், 1,750. அதற்கு அடுத்த ஏழாவது மாதம்தான் இப்போது நடக்கிறது.

அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் 3,500 ரூபாய் போயிருந்தது. கம்பெனி லோயர் ஆர்ம் விலை 1,800. அதே லேபர், அலைன்மென்ட்டோடு 2,800-ல் முடிந்திருக்கும். இதோடு, வண்டி ஷெட்டில் நின்ற இரண்டு நாள் ஓட்டம் போனது. நாளைக்கு 1,500 என்று வைத்தால் 3,000. இடையில் இடது முன் டயர் உள்பக்கமாகத் தேய்ந்து, 3,900-க்குப் புது டயர். ‘‘டயர் தேய்ஞ்சதுக்கு காத்து சரியா பார்க்காததும் காரணமா இருக்கும்’’ என்று அவர் மெல்லச் சொன்னார். ‘‘இருக்கட்டும், டயரை விட்டுடுங்க. மீதியே 6,500 வருதே’’ என்றார் மனைவி.

750 ரூபாய் பொருள் மலிவு என்று வாங்கியது. அதைக் கழற்றி மாட்டுகிற கூலியும், அலைன்மென்ட்டும், ஓடாத நாளும் பொருளின் விலையைப் பார்த்துக் குறைவதில்லை. மலிவான பாகத்துக்கும் அதே கூலி, விலை கூடிய பாகத்துக்கும் அதே கூலி. சஸ்பென்ஷன் வேலையில் பலரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

அதற்காக எல்லாவற்றையும் கம்பெனிப் பெட்டியில்தான் வாங்க வேண்டுமா? அங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. அதற்கு முதலில் சக்கரத்துக்குப் பின்னால் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

காரின் எடையைத் தாங்குவது காயில் ஸ்பிரிங். அதை ஒருமுறை அமுக்கிவிட்டால் தானாக அடங்காது, துள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் துள்ளலை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பர். உள்ளே எண்ணெய், அந்த எண்ணெய்க்குள் சின்னத் துளைகள் கொண்ட பிஸ்டன் மேலும் கீழும் போகும். எண்ணெய் அந்தத் துளை வழியாகத் திக்கித் திணறிப் போவதால் வேகம் குறைகிறது. சிறிய கார்களில் முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக இருக்கும், ஸ்ட்ரட் என்பார்கள். அதன் தலையில் ரப்பரும் பேரிங்கும் சேர்ந்த மவுண்ட்.

சக்கரத்தைக் கீழே பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புக் கைதான் லோயர் ஆர்ம். வண்டியின் உடலோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ். சக்கரத்தோடு சேரும் இடத்தில் பால் ஜாயின்ட். இது நம் தோள்மூட்டு மாதிரி. ஒரு கிண்ணத்துக்குள் ஓர் உருண்டை. சக்கரம் மேலும் கீழும் போகவும் வேண்டும், இடமும் வலமும் திரும்பவும் வேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு. வளைவில் வண்டி ஒருபக்கமாகச் சாயாமல் இருக்க ஸ்டெபிலைசர் பார் என்று ஒரு கம்பி. அதையும் ஸ்ட்ரட்டையும் இணைக்கும் விரல் கனத் தண்டுதான் லிங்க் ராட்.

இப்போது ஒவ்வொன்றும் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். லிங்க் ராட் போனால் சத்தம் வரும்; வளைவில் கொஞ்சம் சாயும். மெதுவாக ஓட்டி மெக்கானிக்கிடம் போய்விடலாம். ஷாக் அப்சார்பர் போனால் சக்கரம் ரோட்டை விட்டு விட்டுத் தொடும். பிரேக் அடித்தால் வண்டி நிற்கும் தூரம் கூடும், அதுவும் மழை ரோட்டில். பால் ஜாயின்ட் கழன்றால்? சக்கரம் அப்படியே மடங்கி உட்கார்ந்துவிடும். மெக்கானிக் ஷெட் வாசலில் நடந்தால் பரவாயில்லை, வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் வேகமாகப் போகும்போது நடந்தால்?

ஆக, ‘கம்பெனியா, லோக்கலா’ என்று மொத்த பில்லுக்கும் ஒரே பதில் தேடுவதில் அர்த்தமில்லை. பாகத்துக்குப் பாகம் பதில் மாறும்.

அடுத்த நாள் காலை, சேஸிஸ் நம்பரை போனில் படம் பிடித்துக்கொண்டு இருவரும் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனார்கள். சென்னையில் கார் உதிரிபாகம் என்றால் இந்தத் தெருதான். பழைய வண்டியைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டையும் பக்கத்தில்தான். ‘அங்கே பாதி விலைக்குக் கிடைக்குமே’ என்று அவருக்கு ஒரு சபலம். கதவு, கண்ணாடி, ஹெட்லைட் என்றால் புதுப்பேட்டையில் தேடலாம். கண்ணால் பார்த்து வாங்கிவிடலாம். ரப்பரும் எண்ணெயும் உள்ள பொருள் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் உழைத்தது, எந்த விபத்தில் எத்தனை மில்லிமீட்டர் வளைந்தது என்பது வெளியே தெரியாது. லோயர் ஆர்ம் கொஞ்சம் வளைந்திருந்தாலே அலைன்மென்ட் நிற்காது. மனைவி அந்தப் பக்கம் திரும்பவே விடவில்லை.

கடைக்காரர் ஒரே லோயர் ஆர்மில் மூன்று பெட்டிகளை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்று, கார் நிறுவனத்தின் பெயர் போட்ட பெட்டி. கடைக்காரர்கள் ‘ஜெனியூன்’ என்பது இதைத்தான். இரண்டாவது, உதிரிபாகம் தயாரிக்கும் நிறுவனத்தின் பெயரிலேயே வரும் பெட்டி. மூன்றாவது, வெறும் பிளாஸ்டிக் கவரில், பெயரே இல்லாமல்.

நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் இந்த இரண்டாவது பெட்டிதான். கார் நிறுவனங்கள் தங்கள் காருக்கான எல்லாப் பாகத்தையும் தாங்களே செய்வதில்லை. ஷாக் அப்சார்பரை ஒருவர் செய்கிறார், ஸ்டீயரிங் ஜாயின்ட்டை இன்னொருவர். சென்னையில் 1929-ல் தொடங்கிய ரானே குழுமம் ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் ஜாயின்ட்டுகள் செய்து கார் நிறுவனங்களுக்குக் கொடுக்கிறது. 1961-ல் தொடங்கிய கேப்ரியல் இந்தியா, ஷாக் அப்சார்பருக்குப் பெயர் போனது. ஓசூரிலும் ஆலை இருக்கிறது. இப்படிப்பட்ட நிறுவனங்கள் கார் ஆலைக்கு அனுப்புவதோடு, தங்கள் சொந்தப் பெட்டியில் கடைகளுக்கும் அனுப்புகின்றன. கடைமொழியில் அது ‘ஓ.இ.எம். ஐட்டம்’.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை தேவை. ஒரே நிறுவனம் செய்தது என்பதாலேயே இரண்டு பெட்டிக்குள்ளும் அச்சு அசலாக ஒரே பொருள்தான் இருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. கார் நிறுவனம் தன் வண்டிக்கென்று கேட்டு வாங்கும் அளவும், கடைக்கென்று செய்யும் அளவும் சில பொருட்களில் மாறலாம். ஆனால், பெயரும் முகவரியும் உள்ள ஒரு நிறுவனம் தன் பெயரைப் போட்டு விற்கிறது. பொருள் கெட்டால் கேட்க ஆள் இருக்கிறது. பெயரில்லாத கவரில் அது இல்லை.

‘‘இந்தக் கவர்ல வர்றதும் இரும்புதானே அண்ணே? பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கு?’’ என்று டிரைவர் கேட்டார்.

கடைக்காரர் சிரித்தார். ‘‘இரும்பைப் பத்தி நான் பேசலை சார். ரப்பரைப் பாருங்க.’’

அது உண்மையில் நல்ல பதில். புஷ்ஷில் உள்ள ரப்பர் ரொம்பக் கெட்டியாக இருந்தால் ஒவ்வொரு அதிர்வையும் அப்படியே வண்டிக்குள் அனுப்பும், சீக்கிரம் வெடிக்கும். ரொம்ப மெத்தென்று இருந்தால் சக்கரம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் அலையும், சீக்கிரம் கிழியும். சரியான பதம் வேண்டும். அந்த ரப்பர், உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு ஒட்டியிருக்கும் ஒட்டும் உறுதியாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் கையில் வாங்கிப் பார்த்தால் தெரியாது. புதிதாக மாட்டியதும் எல்லாப் புஷ்ஷும் இறுக்கமாகத்தான் இருக்கும். ஆறாவது மாதம்தான் சாயம் வெளுக்கும்.

பெயரில்லாத லோக்கலைவிட மோசமான ஒன்று உண்டு. கம்பெனிப் பெட்டி மாதிரியே அச்சடித்து வரும் டூப்ளிகேட். லோக்கல் வாங்குகிறவருக்கு, லோக்கல் வாங்குகிறோம் என்றாவது தெரியும். டூப்ளிகேட்டில் கம்பெனி விலையைக் கொடுத்துவிட்டு லோக்கலைக் கொண்டு போகிறோம். வர்த்தகக் குறிச் சட்டப்படி போலி முத்திரை போட்டு விற்பது குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டம் இருந்தும் சரக்கு வருகிறது.

கண்டுபிடிக்க முழுமையான வழி இல்லை; சில அடையாளங்கள் உண்டு. பெட்டியில் எம்.ஆர்.பி., தயாரித்த மாதம், தயாரித்தவரின் முகவரி, புகார் சொல்லத் தொடர்பு எண் எல்லாம் இருக்க வேண்டும். பாக்கெட் போட்டு விற்கும் பொருளுக்கு இது சட்டப்படி கட்டாயம். பெட்டியில் உள்ள பார்ட் நம்பரைத் தங்கள் வண்டியின் சேஸிஸ் நம்பரை வைத்து டீலர் கவுன்டரில் சரிபார்த்துக்கொள்ளலாம். இன்னும் எளிதான வழி, அந்த டீலர் கவுன்டரிலேயே பொருளை வாங்கிக்கொண்டு வெளி மெக்கானிக்கிடம் கொடுப்பது. வண்டியை அங்கே சர்வீஸுக்கு விட்டால்தான் தருவோம் என்பதில்லை, கவுன்டரில் கேட்டு வாங்கலாம். இது பலருக்குத் தெரியாது. எம்.ஆர்.பி-யில் கொஞ்சம் தள்ளுபடி கொடுப்பது கடைத்தெருவில் சகஜம். பாதி விலைக்கு ஜெனியூன் தருகிறேன் என்று யாராவது சொன்னால், பெட்டியைத் திறக்காமலே திரும்பிவிடலாம்.

டிரைவருக்கு மனதில் இன்னொரு கேள்வி இருந்தது. வெளியில் ரிப்பேர் செய்தால் வாரன்டி போய்விடும் என்கிறார்களே? அவர் வண்டிக்கு வாரன்டி முடிந்து பல வருடம். ஆனாலும் புது வண்டி வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று இருக்கிறது. உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கத் தேவையான விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்கிறார்கள் என்று 2011-ல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் போனது. 2014 ஆகஸ்டில் ஆணையம், 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தமாக 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்கள் வெளிச்சந்தையில் கிடைக்க வேண்டும், வெளியில் ரிப்பேர் செய்த ஒரே காரணத்துக்காக வாரன்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றும் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போனது தனிக் கதை. 2022 டிசம்பரில் மத்திய அரசு ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென்று தொடங்கிய இணையதளத்திலும் வாகனத் துறை இருக்கிறது. இருந்தாலும், வாரன்டி காலத்தில் லோக்கல் பார்ட் போட்டு, அதனால் வேறு ஏதாவது கெட்டால் அந்தச் செலவை நிறுவனம் ஏற்காது. அது நியாயமும்கூட.

‘இன்ஷூரன்ஸ்ல பார்த்துக்கலாமா?’ என்று கேட்பவர்களும் உண்டு. தேய்மானத்துக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. விபத்தில் உடைந்தால்தான் கிளெய்ம். அப்போதும் சாதாரண பாலிசியில் ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையைக் கழித்துவிடுவார்கள்.

கடையில் கடைசியாக ஒரு பேரம் நடந்தது. ‘‘பில் வேணாம்னா இன்னும் கொஞ்சம் குறைச்சுத் தர்றேன் சார்.’’ டிரைவர் மனைவியைப் பார்த்தார். ‘‘பில் போடுங்க’’ என்றார் மனைவி. 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்கள் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான், அதற்கு முன் பலவற்றுக்கு 28 இருந்தது. அந்தப் பதினெட்டை மிச்சப்படுத்தப் பில்லை விட்டால், மூன்று மாதத்தில் ஷாக் அப்சார்பர் ஒழுகும்போது கடைக்காரருக்கு இவர்கள் யாரென்றே தெரியாது. பில் இருந்தால் கடையில் கேட்கலாம். கேட்டும் நடக்கவில்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடலாம்.

கடைசியில் அவர்கள் வாங்கியது இப்படி. லோயர் ஆர்ம் இரண்டும் கம்பெனிப் பெட்டி, 3,600. இந்த வண்டிக்குப் பால் ஜாயின்ட் அதனோடு சேர்ந்தேதான் வரும் என்பதால் அதில் பேச்சே இல்லை. மவுண்ட் இரண்டும் கம்பெனிப் பெட்டி, 1,400. ஷாக் அப்சார்பர் ஜோடி, தயாரிப்பு நிறுவனத்தின் சொந்தப் பெட்டியில் 3,700; கம்பெனிப் பெட்டியில் 4,400 சொன்னார்கள். லிங்க் ராட் ஜோடி, பெயருள்ள வேறொரு பிராண்டில் 800. மொத்தம் 9,500. மெக்கானிக்கின் லேபர் 2,500, அலைன்மென்ட், பேலன்சிங் 800. ஆக 12,800.

எல்லாம் கம்பெனி ஐட்டம் என்ற 14,000-க்கும் இதற்கும் வித்தியாசம் 1,200 தான். இவ்வளவு அலைந்ததற்கு இவ்வளவுதானா என்று தோன்றும். மெக்கானிக்கிடம் விட்டிருந்தால் 8,500-க்கு முடித்திருப்பார்கள் என்பதையும், அது ஏழு மாதத்துக்கு ஒருமுறை வரும் 8,500 ஆகியிருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு வேறு.

பொருளோடு வந்ததைப் பார்த்து மெக்கானிக்குக் கொஞ்சம் முகம் மாறியது. அதையும் புரிந்துகொள்ள வேண்டும். தெருவோர ஷெட்டில் லேபரை மட்டும் வைத்து வாடகையும் உதவியாள் சம்பளமும் கொடுக்க முடியாது. பொருளில் நிற்கும் கமிஷன்தான் அவர்கள் வருமானத்தில் ஒரு பங்கு. லோக்கலில் அது கூடுதலாக நிற்கும். வாடிக்கையாளர்களோ லேபர் என்று 2,500 சொன்னால் ‘அவ்வளவா?’ என்று வாயைப் பிளப்பார்கள். பொருளுக்குள் மறைத்துச் சொன்னால் பேசாமல் கொடுப்பார்கள். மனைவியே பேச்சைத் தொடங்கினார். ‘‘அண்ணே, நீங்க பொருள்ல வெச்சுக்கறதை லேபர்லயே கேட்டு வாங்கிக்கங்க. 500 சேர்த்துத் தர்றோம். ஆனா பழைய சாமானை எல்லாம் எங்ககிட்ட கொடுத்துடுங்க.’’

மெக்கானிக் கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘‘சரிம்மா’’ என்றார்.

வேலை நடக்கும்போது மனைவியும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஷாக் அப்சார்பர் தண்டுக்கு மேல் மாட்டும் ரப்பர் உறையும், முழுதாக அமுங்கும்போது இடி தாங்கும் பம்ப் ஸ்டாப்பும் பழசையே போடப் போனார் உதவியாள். உறை கிழிந்திருந்தது. ‘‘டேய், அதைத் தூக்கிப் போடு’’ என்று மெக்கானிக் அதட்டினார். கிழிந்த உறை வழியாக மண் போய்த் தண்டில் ஒட்டினால், அது மேலும் கீழும் போகப் போக ஆயில் சீலை அரித்துவிடும். 3,700 ரூபாய்ப் பொருள், 300 ரூபாய் ரப்பரால் வீணாகும். பக்கத்துக் கடையில் புதிது வாங்கி வந்தார்கள். ஆக, பில் 13,600-ல் போய் நின்றது.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். லோயர் ஆர்மை மாட்டிய உதவியாள், வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே புஷ் போல்ட்டை முழுசாக முறுக்க ஸ்பேனரை எடுத்தார். மெக்கானிக் தடுத்தார். சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, எடை முழுவதும் சக்கரத்தில் நின்ற பிறகு கீழே படுத்து அவரே முறுக்கினார்.

‘‘எதுக்குண்ணே இறக்கிட்டு முறுக்குறீங்க?’’ என்று மனைவி கேட்டார்.

‘‘தூக்கி வெச்சிருக்கும்போது ஆர்ம் கீழே தொங்கிட்டு இருக்கும்மா. அந்த நிலையிலயே டைட் வெச்சுட்டா, வண்டி தரையில நின்னதும் ஆர்ம் மேல வரும், ரப்பர் முறுக்கிக்கிட்டு நிக்கும். துணி பிழியற மாதிரி. ஓடுற நேரமெல்லாம் அந்த முறுக்கு இருந்துகிட்டே இருக்கும். சீக்கிரம் கிழிஞ்சிடும்.’’

‘‘போன ரெண்டு தடவையும் இப்படித்தான் போட்டீங்களா?’’

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். ‘‘ரெண்டு தடவையும் நான் ஊர்ல இல்லம்மா. பையன்தான் போட்டான்.’’

அந்தப் பதிலில் நோட்டின் கணக்கு கொஞ்சம் ஆட்டம் கண்டது. இரண்டு லோயர் ஆர்மும் ஏழு ஏழு மாதத்தில் போனதற்கு லோக்கல் ரப்பர் பாதிக் காரணம் என்றால், ஜாக்கியில் தொங்கவிட்டு முறுக்கியது மீதிப் பாதியாக இருக்கலாம். எது எவ்வளவு என்று இனிப் பிரித்துச் சொல்ல முடியாது. கம்பெனிப் பெட்டியில் வந்த ஆர்மையும் அப்படியே முறுக்கியிருந்தால் அதுவும் ஆயுசுக்கு முன்பே போயிருக்கும். ஜெனியூன் பார்ட் போட்டும் சத்தம் போகவில்லை என்று புலம்புகிறவர்களில் பலர், பெட்டியைப் பார்த்த அளவுக்கு மாட்டுகிற கையைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வீடு திரும்பியதும் மனைவி நோட்டில் புதுப் பக்கம் திறந்தார். ஒவ்வொரு பாகமும் தனி வரி: என்ன பெயர், எந்தப் பெட்டி, பார்ட் நம்பர், விலை, எத்தனை கிலோமீட்டரில் மாட்டியது. பில்லை அதே பக்கத்தில் ஸ்டேபிள் செய்தார். லோயர் ஆர்ம் வரிக்குப் பக்கத்தில் மட்டும், ‘தரையில் இறக்கி முறுக்கியது’ என்று எழுதினார். பழைய ஆர்ம் இரண்டும் கோணிப்பையில் மாடிப்படிக்குக் கீழே கிடக்கின்றன. காயலான் கடைக்காரர் வந்தால் எடைக்குப் போடலாம்.

எஃப்.சி. முடிந்துவிட்டது. வண்டி இப்போது முன்பக்கம் அமைதியாக இருக்கிறது. பின்பக்க மூலையை அமுக்கி விட்டுப் பார்த்தால்தான், ஒரு துள்ளலில் நிற்க வேண்டியது இரண்டு மூன்று முறை ஆடுகிறது. பின் ஷாக் அப்சார்பருக்கும் நாள் நெருங்குகிறது. அது எந்தப் பெட்டியில் வரப்போகிறது என்று இன்னும் முடிவாகவில்லை. ஓட்டம் போகிற நாளெல்லாம் 50 ரூபாய் எடுத்து, மேலே ‘பின் ஷாக்’ என்று பேனாவால் எழுதிய பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வருகிறார் மனைவி. போன வாரம் எண்ணியபோது 1,350 இருந்தது.